மிச்சம் போன இடம்

“ஹாட்ஸ்பாட் போடுடி.”

பெரியவள் கேட்டேவிட்டாள். அம்மாவின் தையல் மெஷின் பாதித் தையலில் நின்றது. பழைய பஸ் சீட்டிலிருந்து ஸ்டேப்ளர் பின் பிடுங்கிக்கொண்டிருந்த அப்பா, ஸ்க்ரூடிரைவரைக் குத்திய இடத்திலேயே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலோரம், அந்த வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில், போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்துவைத்து யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்த சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். யாரிடமோ என்ன யாரிடமோ, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம்தான். போனுக்குள் இருந்த அந்த மனிதர் மட்டும் இங்கே நடப்பது தெரியாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் பெரியவள் தங்கையிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். செருப்பைக் கேட்கலாம், குடையைக் கேட்கலாம், தட்டில் இருக்கிற முட்டையில் பாதியைக்கூடக் கேட்கலாம். ஹாட்ஸ்பாட்டை மட்டும் கேட்கக் கூடாது. அது அம்மா போட்ட சட்டம். கல்யாணம் பேசி முடித்த புதிதில் ஒருநாள் பெரியவள் தங்கையின் போனிலிருந்து இணைப்பு வாங்கி ஏதோ பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் முகம் திறந்த வாயோடு அப்படியே உறைந்துபோய்ப் பேச்சு அறுந்துவிட்டது. அவர் எங்கோ தூரத்தில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீட்டில் எல்லாரும் அவரை ‘கிரேன்காரர்’ என்றுதான் சொல்வார்கள். தான் கேட்ட ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லப் பிடிக்காமல் இவள் துண்டித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு முறுக்கிக்கொண்டார். சமாதானம் ஆகிறவரை அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆன பிறகு பெரியவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள், “செத்தாலும் அவகிட்ட ஹாட்ஸ்பாட் கேக்காத.”

இன்றைக்குக் கேட்டாள். இன்னும் சற்று நேரத்தில் அவளுக்கு இன்டர்வியூ. பெயின்ட் கம்பெனி ஒன்றின் சோதனைச்சாலையில் வேலை. கம்பெனி வெகு தூரத்தில் இருந்ததால் போனிலேயே முகம் பார்த்துப் பேசுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகவே காலை எழுந்ததிலிருந்து போனைத் தொடாமல், அடைகாக்கிற கோழி மாதிரி தலையணைக்கு அடியில் வைத்துப் பாதுகாத்திருந்தாள். அது தன்பாட்டுக்கு எதையோ இறக்கிப் புதுப்பித்துக்கொண்டு, ‘இன்றைய வரம்பு முடிந்தது’ என்று செய்தி போட்டுவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

முடிந்தது என்று சொல்வதும் தப்பு. சிம்மில் டேட்டா கிடந்தது. போன்தான் பூட்டியிருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு. அதைத் தொட்டதும் இணைப்பு நின்றுவிடும். திறக்க வேண்டுமென்றால் ரகசிய எண் வேண்டும். போன மழைக்காலத்தில் அம்மா அவளுடைய போனை வாங்கிக்கொண்டுபோய் ரீசார்ஜ் கடையில் கொடுத்து இதைப் போட்டுக்கொண்டு வந்தாள். என்ன இது என்று கேட்டதற்கு, கண் கெட்டுப்போகிறது, நாளெல்லாம் அதிலேயே விழுந்து கிடக்கிறாய் என்றாள். எனக்கு மட்டுமா என்று இவள் சீறினாள். ரெண்டு பேருக்கும்தான் போட்டேன், உனக்கு ஒன்று அவளுக்கு ஒன்று என்றா வளர்த்தேன் என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள் அவள். அந்தக் குடும்பத்தில், இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் சேர்த்து, முதல் பட்டம். அந்தப் பூட்டை உடைப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. உடைக்கவில்லை. தங்கைக்கும் அதே பூட்டுத்தான் என்ற ஒரே வார்த்தைக்குக் கட்டுப்பட்டுச் சும்மா இருந்தாள். இல்லாமை இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்றால் அவளால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும்; கூடுதல் குறைச்சல் என்று வந்தால்தான் அடிவயிற்றில் தீப்பிடிக்கும்.

ஆனாலும் தீ பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு மதியத்துக்குள் நின்றுபோகிற டேட்டா தங்கைக்கு மட்டும் எப்படி விளக்கு வைக்கிற நேரம்வரை வருகிறது? கிரேன்காரர் அங்கிருந்தே ஏதாவது ஏற்றிவிடுவார் என்று தானாக ஒரு பதில் சொல்லிக்கொண்டாள். அந்தப் பதில் ஆறுதலாக இல்லை. ஏற்றிவிட ஆள் இருக்கிறது அவளுக்கு என்று இன்னொரு கட்டை உள்ளே போட்டதுதான் மிச்சம்.

ஜன்னலோரத்து வெளிச்சம் முன்பு பெரியவளுடையது. அங்கே உட்கார்ந்துதான் அவள் படித்தாள். சின்னவளுக்கு முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி அவளுடைய மெஷினைத் தூக்கி அங்கே போட்டார்கள். பின்னால் கிழிந்த சீட்டுகள் தெரியக் கூடாது என்று ஒரு புது ரெக்சினை விரித்து ஆணியடித்துத் தொங்கவிட்டார் அப்பா. வாடிக்கையாளர் காலில் விழுந்து கேட்டாலும் அந்தத் துண்டை அவர் வெட்டித் தந்திருக்க மாட்டார். எல்லாவற்றையும்விட இன்னொன்று. பேச்சு நடக்கும்போது பெரியவள் அந்தப் பக்கம் போகிறதாக இருந்தால் குனிந்து போக வேண்டும். படத்தில் விழக் கூடாது. பார்த்தால் அவர் கேட்பார், உங்க அக்காவுக்கு ஏன் இன்னும் கல்யாணம் முடியலை என்று. அதனால் தலையில் ஃபோம் கட்டைச் சுமந்துகொண்டு, தன் வீட்டுக்குள்ளேயே திருட வந்தவள் மாதிரி முதுகை வளைத்துக்கொண்டு அவள் அந்த மூன்றடி தூரத்தைக் கடப்பாள். கடக்கும்போது சின்னவளின் காலைப் பார்ப்பாள். நகத்துக்குப் புதிதாகச் சாயம் பூசியிருக்கும்.

சின்னவள் இப்போது போனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அவள் விரல் திரையை நோக்கிப் போனது. போடத்தான் போனது, அதில் சந்தேகமில்லை. அம்மா தொண்டையைச் செருமினாள். விரல் பாதி வழியில் நின்று, நூலைச் சரிசெய்வதுபோல் பாபினுக்குத் திரும்பிவிட்டது.

“பேசிட்டிருக்காருல்ல,” என்றாள் அம்மா தணிந்த குரலில். அவளுடைய கோபமெல்லாம் தணிந்த குரலில்தான் வரும்.

“எனக்கு இன்டர்வியூம்மா.”

“அவருக்கு இப்பதான் டீ டைம். இதை விட்டா மறுபடி மேல ஏறிடுவாரு.”

“டிகிரி, கொஞ்சம் பொறுத்துக்கயேன்,” என்றார் அப்பா. அவளை அவர் கூப்பிடுகிற பெயர் அது. பாஸ் ஆன அன்றைக்குப் பெருமையாகக் கூப்பிட ஆரம்பித்தார். வேலை கிடைக்காமல் நாள் போகப் போக அதே சொல்லில் வேறு ருசி ஏறியிருந்தது. சின்னவளைக் ‘கண்ணு’ என்பார்.

“கம்பெனிக்காரங்களைப் பொறுக்கச் சொல்லவா? எங்க வீட்டு மாப்பிள்ளை டீ குடிக்கறாருன்னு?”

போனுக்குள்ளிருந்து, யாரு அது, என்ன சத்தம் என்று அவர் கேட்பது கேட்டது. ஒண்ணுமில்லைங்க, பக்கத்து வீட்டுல என்றாள் சின்னவள்.

பக்கத்து வீடு. பெரியவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கினாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த மாதிரி வெயிலில்தான் அவர்கள் வீட்டு வாசலில் சீட்டுகளை வரிசையாகக் காயப்போடுவார்கள். பழைய உறையை உரித்தெடுத்ததும் உள்ளே இருக்கிற ஃபோமில் எத்தனையோ வருஷத்து வியர்வை நாற்றம் இருக்கும். வெயிலில் வாட்டினால்தான் போகும். புது ரெக்சினும் சூட்டில் இளகினால்தான் இழுத்த இழுப்புக்கு வரும், மூலையில் சுருக்கம் விழாது. அப்பா இழுத்துப் பிடிக்க, பெரியவள் பின் அடிப்பாள். அம்மா உறை தைப்பாள். ஓரத்துக்குப் பைப்பிங் கொடுப்பது சின்னவள். கயிற்றை உள்ளே வைத்து மேலே ரெக்சின் பட்டையை மடித்து ஒட்டி ஓட்டுகிற அந்தத் தையல் அவளுக்கு மட்டும்தான் கோணாமல் வரும். பெரியவள் தைத்தால் பாம்பு போன தடம் மாதிரி இருக்கும். அதிலும் ஒரு பொறாமை அவளுக்கு உண்டு, வெளியே சொல்ல மாட்டாள்.

ரீசார்ஜ் கடை தெருமுனையில். கடையை நடத்துகிறவளை எல்லாரும் ரீசார்ஜ் அக்கா என்பார்கள், அவளைவிட வயதானவர்கள்கூட. கையகலக் கடை. கண்ணாடிப் பெட்டி நிறைய போன் உறைகள், பின்னால் ஒரு ஜெராக்ஸ் மெஷின். இருந்த ஒரே ஃபேனும் மெஷினைப் பார்த்துத்தான் சுற்றும், மனிதர்களைப் பார்க்காது. ரீசார்ஜ் அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவி யாருடைய சிம்மையோ வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் போனைக் கண்ணாடிமேல் வைத்தாள். “அக்கா, இந்தப் பூட்டைத் திறந்து விடுங்க. இப்பவே.”

“உங்கம்மா திட்டுவாங்களே.”

“நான் வாங்கிக்கறேன்.”

ரீசார்ஜ் அக்கா எண்ணைப் பார்க்காமலே கட்டை விரலால் தட்டினாள். பூட்டு திறந்தது. அதோடு போயிருக்கலாம். நேரம் கொஞ்சம் இருந்தது. வயிற்றில் கிடந்த தீயும் அவியவில்லை. தங்கச்சி போனுக்கும் இதே நம்பர்தானா என்று கேட்டாள்.

“அதுக்கு எதுக்கு நம்பர்? அதுல பூட்டே இல்லையே.”

பெரியவள் அவளையே பார்த்தாள்.

“உனக்குச் சொல்லலையா?” என்று கேட்டுவிட்டு, ஊசியைத் திரும்பக் கொண்டையில் செருகியபடி ரீசார்ஜ் அக்கா சொன்ன கதை இதுதான். அம்மா இரண்டு போனையும் கொண்டுவந்தாளாம். பெரியவளுடையதில் கொஞ்சம் கட்டிவைத்து, மிச்சமாகிறது சின்னவளுடையதற்கு ஓடிப்போகிற மாதிரி செய்யச் சொன்னாளாம். வாய்க்காலில் மடை கட்டுகிற மாதிரி கையால் செய்தும் காட்டினாளாம். “நான் சொன்னேன், அப்படியெல்லாம் போகாதும்மா, ரெண்டுக்கும் நடுவுல நானா பைப் போட்டு வெச்சிருக்கேன்? உங்கம்மா கேட்டாத்தானே. நீ கட்டு, அது போறது எனக்குத் தெரியும்ன்னாங்க. சரி, கேட்டதைச் செஞ்சு குடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சு வந்தாங்க. இப்ப சின்னவளுக்கு அறுந்துபோகாம நல்லா ஓடுதும்மா, உன் கை ராசின்னு சொல்லி ஒரு டீயும் வாங்கிக் குடுத்தாங்க. சந்தோஷமா வந்து நிக்கிற மனுஷிகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?”

அறுந்துபோகாமல் ஓடியதற்குக் காரணம் பெரியவளுக்கு உடனே பிடிபட்டது. அவள் ஹாட்ஸ்பாட் கேட்பதை நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான். அந்தச் சுகத்தை அம்மா பூட்டின் பேரில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு வர வேண்டிய இடம். ரீசார்ஜ் அக்கா சிரிக்கத்தான் செய்தாள். பெரியவளுக்குக் காது இரண்டும் சூடாகிக் கண் எரிந்தது.

போன் அடித்தது. கம்பெனி.

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டு, ரீசார்ஜ் அக்கா வந்தவர்களை வெளியிலேயே நிறுத்திக்கொண்டாள். திரையில் ஒரு நரைத்த தலை அம்மாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கடுமையும் இல்லை. படிப்பைப் பற்றி இரண்டு மூன்று கேட்டார். பிறகு, பின்னால் என்ன இரைச்சல், எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பாள். இன்றைக்குப் பொய் எடுக்கக் கை வரவில்லை. வீட்டில் டேட்டாவைப் பூட்டிவைத்திருக்கிறார்கள், அதனால் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்து பேசுகிறேன் என்று சொன்னாள். அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டே, சரி, கறுப்பு என்றால் உனக்கு எத்தனை கறுப்பு தெரியும் என்று கேட்டார்.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. பெரியவள் யோசிக்கவே இல்லை. பஸ் சீட்டுக்குப் போடுகிற கறுப்பில் நீலம் ஒளிந்திருக்கும், சோபாவுக்குப் போடுகிறதில் சிவப்பு இருக்கும். வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்த கறுப்பு பச்சையாகத் திரும்பும், கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது காப்பி நிறத்துக்குப் போகும். ஒட்டுப் போடும்போது பழைய கறுப்பும் புதுக் கறுப்பும் சேரவே சேராது, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்றாள். சொல்லிக்கொண்டே போனாள். அந்த அம்மாள் எதையோ எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க ஹாஸ்டல்லதான் தங்கணும். வீட்டுல விடுவாங்களா? போன தடவை எடுத்த பொண்ணு அழுதுட்டே திரும்பிப் போச்சு.”

“கேக்க மாட்டேங்க. சொல்லிட்டு வருவேன்.”

“எப்ப வர முடியும்?”

“இன்னிக்குக் கிளம்பினா நாளைக்கு அங்க இருப்பேன்.”

இதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லி முடித்த பிறகு அதில் மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. வேலை உனக்குத்தான், வந்து சேரு என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வைத்துவிட்டார்.

வெளியே வந்தபோது வெயில் போன இடம் தெரியவில்லை. எங்கிருந்தோ கருத்துக்கொண்டு வந்து, தெருவில் புழுதி சுழன்றது. வீட்டு வாசலில் அம்மாவும் அப்பாவும் காயப்போட்ட சீட்டுகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபோம் நனைந்தால் வேலை கெட்டது. பிழிந்தாலும் காயாது, உள்ளேயே பூத்துப்போகும். பெரியவள் போய் மூன்று பேர் உட்காரும் நீளச் சீட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையில் அம்மா. இரண்டு பேரும் தூக்கினார்கள்.

“ஆச்சா?” என்றாள் அம்மா. இன்டர்வியூவைத்தான் கேட்டாள். அதுவரைக்கும் நல்லதுதான்.

“அம்மா, என் போன்ல மிச்சமாகறது சின்னவளுக்குப் போகாது.”

“எது?”

“கடையில சொல்லிக் கட்டி வெச்சியே, அது.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு சின்ன சீட்டை எடுக்கிற சாக்கில் சடக்கென்று குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

“போகுதே,” என்றாள் அம்மா. “கட்டினதுக்கு அப்புறம்தானே அவ அறுபடாம பேசுறா.”

“அவ பேசுறது அவ சிம்முல இருக்கறதை. என்னோடது நான் தொடலைன்னா ராத்திரியோட அழிஞ்சுடும். மறுநாளைக்கு எனக்கும் வராது, யாருக்கும் வராது.”

“ரெண்டு சிம்மும் நான்தானே வாங்கினேன். என் பேருலதானே இருக்கு. ஒண்ணாத்தானே ரீசார்ஜ் பண்றேன்.”

“உன் பேருல இருந்தா ஒரே குண்டானாயிடுமா? இவளுக்குக் கரண்டியைக் கொறச்சா அவளுக்குக் கூட விழறதுக்கு?”

சீட்டு நிலைவாசலில் குறுக்காக மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி நின்றார்கள். முதல் துளிகள் தகரக் கூரையில் விழ ஆரம்பித்தன. அம்மாவின் முகம் மெல்ல மெல்ல விழுவதைப் பெரியவள் பார்த்தாள். விழட்டும் என்று காத்திருந்தாள். அவளுக்கே வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்: அந்த முகம் தனக்காக ஒருமுறையாவது விழுவதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை.

“அப்ப இத்தனை நாள் மிச்சமானதெல்லாம் எங்க போச்சு?”

“எங்கயும் போகலை.”

“அடக் கடவுளே,” என்றாள் அம்மா. “அப்ப சின்னவளுக்கு ஒண்ணுமே வந்து சேரலையா?”

பெரியவள் தன் முனையைக் கீழே விட்டாள். சீட்டு தொம்மென்று வாசல்படியில் விழுந்தது.

“என்கிட்டேர்ந்து எடுத்ததைப் பத்தி உனக்கு ஒண்ணும் இல்லை. அவளுக்குச் சேரலைங்கறதுதான் உனக்கு. ரெண்டு பேருக்கும் பூட்டுன்னு பொய் சொன்ன. நானும் மடச்சி மாதிரி நம்பிட்டுக் கெடந்தேன். எடுக்கறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டு எடுத்திருக்கலாம்ல.”

“எடுத்தேன்தான்,” என்றாள் அம்மா. இப்போதும் குரல் உயரவில்லை. “உன்கிட்டேர்ந்துதான் எடுத்தேன். பின்ன தெருவுலயா போய் எடுப்பேன்? அப்ப அவகிட்டேர்ந்து எடுத்து உனக்குப் போட்டப்ப யாருகிட்ட சொல்லிட்டு எடுத்தேன்? அவளும்தான் படிக்கறேன்னா. வாத்தியாரம்மா வீட்டுக்கே வந்து கேட்டாங்க. ரெண்டு பேரும் போயிட்டா மெஷின்ல யாரு உக்கார்றது? நீ போ, அவ இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். அது உனக்கு வந்து சேந்துச்சில்ல?”

“அம்மா, விடும்மா,” என்றாள் சின்னவள். போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு எப்போது எழுந்து வந்தாளோ தெரியவில்லை.

“எதை விட? அன்னிக்கு அவ பங்கு உனக்கு. இன்னிக்கு உன் பங்கு அவளுக்கு. எனக்குத் தெரிஞ்ச நியாயம் அவ்வளவுதான். இது வேற மாதிரி சாமான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

மழை வலுத்தது. அப்பாதான் வந்து, ஃபோம் நனையுது, முதல்ல இதை உள்ள போடுங்க என்றார். பெரியவள் குனிந்து முனையைப் பிடித்தாள். நான்கு கைகள் சேர்ந்து சீட்டைச் சாய்த்து, திருப்பி, உள்ளே சுவரோரம் நிறுத்தின. அதற்குப் பிறகு அவள் பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்தாள்.

கோபம் குறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறையவில்லை. அம்மா சொன்னது சரிதான் என்று பட்டது. சரியாக இருப்பதாலேயே அவள்மேல் இன்னும் ஆத்திரமாக வந்தது. யாருடைய பங்கை எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பார்க்காமல் தின்று வளர்ந்திருக்கிறாள் பெரியவள். பார்த்திருந்தால் மட்டும் வேண்டாம் என்று தள்ளியிருப்பாளா? உடுப்புகளை மடித்து அடைத்தாள். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நடுவில் வைத்தாள். வேலை கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் தங்க வேண்டும், இன்றைக்கே போகிறேன் என்று உள்ளிருந்தபடியே மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, டி என்ற எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா சோறு போடுகிறாள். பசிக்கவில்லை என்றாள். தட்டை மூடுகிற சத்தமும் கேட்டது.

சின்னவள் அறைவாசலில் வந்து நின்றாள். அழுதிருப்பாள் என்று பெரியவள் நினைத்தாள். இல்லை. நகத்திலிருந்து சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“பூட்டு விஷயம் எனக்குத் தெரியாதுக்கா.”

“தெரியும். தெரிஞ்சிருந்தா நீ ஹாட்ஸ்பாட் போட்டிருப்ப.”

“கல்யாணத்துக்கு வருவல்ல?”

“வருவேன். முன்னாடியே வந்து உக்காருவேன். வயிறு எரியும். நீ கண்டுக்காத.”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? தினம் காலையில காலேஜ் பையை மாட்டிட்டு இந்த வாசல்ல இறங்கிப் போவ. நீ போறதைப் பார்க்கக் கூடாதுன்னே தலையைக் குனிஞ்சுட்டு பைப்பிங் தெப்பேன். எல்லாரும் என்ன அழகா தெக்கறான்னு சொல்லுவாங்க. நிமிர்ந்தா அழுதுடுவேன்னு குனிஞ்சிருந்தேன், அதுல வந்த அழகு.”

“சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?”

பெரியவள் பையின் ஜிப்பை இழுத்தாள். ஒரு முனையில் சிக்கிக்கொண்டது. மறுபடி இழுத்தாள்.

“போயிருப்பேன்,” என்றாள்.

“அதான் சொல்லலை.”

சின்னவள் குனிந்து ஜிப்பில் சிக்கியிருந்த துணியைப் பக்குவமாக விரலால் உள்ளே தள்ளினாள். ஜிப் நேராக ஓடி மூடிக்கொண்டது. அவள் கையில் போன் அடித்தது. யார் என்று பார்க்காமல் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெரியவள் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, எடுத்துப் பேசு, பாவம் அவரு, டீ டைம் முடிஞ்சுடும் என்றாள். கிண்டலா நிஜமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

வாசல் அறையில் கால் வைக்க இடமில்லாமல் சீட்டுகள் நின்றன. சூட்டில் வாட்டிய ரெக்சின் வாசனையும் மழை வாசனையும் கலந்து ஒரு மாதிரி குமட்டியது. அப்பா ஒரு சீட்டை நகர்த்தி வழிவிட்டார். அம்மா தன் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அப்போது பாதியில் நிறுத்திய தையல் ஊசிக்கு அடியில் அப்படியே இருந்தது. மிதியில் கால் இருந்தது, மிதிக்கவில்லை.

“மழை விட்டதும் போயேன்,” என்றாள்.

“பஸ் போயிடும்.”

பெரியவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சீட்டுகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து, படியிறங்கித் தெருவுக்குப் போனாள்.